மதினியின் இரண்டாவது வீடு

என் அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனவன், மில்லுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தகவல் வந்ததும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே என்ன பார்த்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. போய் இறங்கும்போது மதினி, அண்ணன் மனைவி, வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று. அழுகை பிறகுதான் வந்தது அவளுக்கு. வந்தபோது யாராலும் பிடிக்க முடியவில்லை.

அண்ணன் கட்டிய வீடு ஊருக்கு வெளியே, சேத்தூர் போகிற சாலையில் இருந்தது. மாந்தோப்பை அழித்து மனை போட்ட காலனி. பாதி மனைகளில் வீடு எழும்பியிருக்கும், மீதியில் கல் மட்டும் நட்டிருக்கும். மொட்டை மாடியில் நின்றால் மலை கைக்கெட்டுகிற மாதிரி தெரியும். மதினி, இரண்டு பெண் பிள்ளைகள், எங்கள் அப்பா, இவ்வளவு பேர் அந்த வீட்டில். அப்பா சுந்தரபாண்டியத்தில் விவசாயம் பார்த்தவர். அம்மா போன பிறகு அண்ணன் அவரை வற்புறுத்தி அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். பெரியவள் அப்போது பத்தாம் வகுப்பு. சின்னவள் ஆரம்பப் பள்ளியை முடிக்கப் போகிற வயது.

காரியம் முடிந்த அன்று உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து அடுத்து என்ன என்று பேசினார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம், மதினியும் பிள்ளைகளும் பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் இருக்கிற அவளுடைய பிறந்த ஊருக்குப் போகட்டும், அப்பாவை நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று சித்தப்பா பிரித்துச் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆளில்லாத வீட்டைப் பங்கு வைப்பதுபோல மனிதர்களைப் பங்கு வைத்தார்கள், அவ்வளவுதான். மதினி எல்லோருக்கும் காப்பி கொடுத்து முடித்தாள். டம்ளர்களை எடுக்கும்போதுதான் சொன்னாள்.

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கதான். மாமாவும் இங்கதான் இருப்பாக. நாங்க எங்கயும் போகல."

சித்தப்பா, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். வேலைக்குப் போவேன் என்றாள். அதுவரை அவள் தனியாக பஸ் ஏறிக் கடைவீதிக்குப் போனதே அபூர்வம்.

அந்தப் பக்கம் சத்திரப்பட்டியைச் சுற்றிக் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். துணியை வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்குகிற கூடங்கள் நிறைய உண்டு. அப்படி ஒன்றில் மதினி சேர்ந்தாள். முதல் மாதம் இரண்டு பஸ் மாறிப் போனாள். அடுத்த மாதம் அண்ணனின் பைக்கைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினாள். ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. காலனியில் ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்களில் தானாகவே பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, யாரோ அஸ்திவாரத்துக்குத் தோண்டியிருந்த பள்ளத்துக்குள் வண்டியோடு இறங்கிவிட்டாள். நான் பதறி ஓடினேன். முழங்கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவள், முதலில் சுற்றுமுற்றும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்தப் பள்ளத்தில் நின்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் வேலையும் வண்டியும் பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. கஷ்டம் வந்தால் பெண்கள் அதையெல்லாம் செய்துவிடுகிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவள் வீட்டைத் திரும்ப வீடாக்கியதுதான். அண்ணன் இருந்தபோது அவன் பேச்சுதான் அந்த வீட்டில் சத்தம். அவன் போனதும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிட்டார்கள். பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுவாள். சின்னவள் டிவி முன்னால். அப்பா பசியில்லை என்று வாசலில் உட்கார்ந்திருப்பார். மதினி சில வாரம் பார்த்தாள். பிறகு சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் சோற்றுப் பானையைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்தார்கள், பேசவில்லை. அவளே பேசினாள். பேண்டேஜ் கூடத்தில் நடந்ததை, சூப்பர்வைசர் தும்மினால் எப்படித் தும்முவார் என்பதை, ஒன்று விடாமல் சொல்லுவாள். முதலில் சின்னவள் கேள்வி கேட்டாள். பிறகு அப்பா, பக்கத்து மனைக்காரன் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வராமல் புழுதி புகையாக வந்த கதையைச் சொன்னார். பெரியவள் கடைசியாக வாயைத் திறந்தாள், அதுவும் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல. மதினி என்னிடம் அதை ஏதோ பரிசு வாங்கியது மாதிரி சொன்னாள்.

அப்படியே சில வருஷம் ஓடியது.

பேண்டேஜ் பெட்டிகளை ஏற்றிப் போக ஒருவர் குட்டியானை என்கிற சின்ன லோடு வேனைக் கொண்டுவருவார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனைவி சிறுநீரகக் கோளாறில் நாலைந்து வருஷத்துக்கு முன் இறந்துபோயிருந்தாள். ஒரே மகள், எங்கள் சின்னவள் வயது. மதினிக்கு அவரை அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த அளவுக்குத்தான் தெரியும். அவர் வந்தால் பெட்டி எண்ணிக்கை சொல்லுவாள், கையெழுத்து வாங்குவாள்.

ஒரு நாள் பெட்டி ஏற்றி முடித்த பிறகும் அவர் கிளம்பாமல் நின்றார். மதினி என்ன என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டே, தன் மகள் காலையிலிருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள், அழுகிறாள், என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றார். தனக்கு என்னவென்று புரிகிறது, ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றார். அக்கா தங்கை இல்லாதவர். மனைவி வழி உறவுகளும் விட்டுப்போயிருந்தன. மதினி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் அந்த வண்டிக்குப் பின்னாலேயே போனாள். கதவுக்கு வெளியே நின்று, நான் உங்க அப்பா லோடு ஏத்துற எடத்துல வேலை பாக்கேன், எனக்கும் உன் வயசுல ஒரு மக இருக்கா என்று சொன்னதும் அந்தப் பிள்ளை கதவைத் திறந்தாளாம். தலைக்கு ஊற்றிவிட்டு, வேண்டியதை வாங்கிக் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று விவரம் சொல்லிவிட்டு மதினி புறப்பட்டபோது, அந்தப் பிள்ளை அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் இருங்க என்றது. மதினி அன்று வேலைக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைதான் அடிக்கடி போன் செய்தது. சீருடைச் சுடிதாரில் பட்டன் போனது, ரசம் வைப்பது எப்படி, தோழியோடு சண்டை. வேன்காரர் எப்போதாவதுதான் பேசுவார். மதினி அவரைப் பற்றி என்னிடம் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான்: "அந்த மனுசன் வண்டிய எடுக்கதுக்கு முன்னாடி குனிஞ்சு அடியில பாப்பாரு. நாய் எதுவும் படுத்திருக்கான்னு. எல்லா நாளும் பாப்பாரு." அதைச் சொன்ன விதத்திலேயே எனக்கு ஏதோ புரிந்தது. நான் கேட்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று வேன்காரர் மதினியைக் கேட்டார். வீட்டுக்கு வந்து முதலில் அப்பாவிடம் சொன்னாள். என்னிடமோ, தன் அம்மாவிடமோ, பிள்ளைகளிடமோ சொல்வதற்கு முன்னால். அன்று நடந்ததை அப்பா பின்னால் எனக்குச் சொன்னார். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்த சாயங்காலம். அப்பா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மதினி எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீங்க வேண்டாம்னா வேண்டாம் மாமா. இத்தோட விட்டுருதேன்" என்றாள்.

அப்பா தொடர்ந்து வெற்றிலையை இடித்தார். இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டார்.

"எம் மகன் போயிட்டான். இப்ப நீயும் போறேங்கியா தாயி?"

மதினி கையில் இருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். "போறேன்னு சொல்லல மாமா. நீங்களும் வாரீகளான்னுதான் கேக்கேன். நீங்க வந்தா நானும் போவேன். வரலைன்னா யாரும் போகல."

அந்தக் கிழவர் என் அண்ணன் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக அன்று வாய்விட்டு அழுதார் என்று மதினி சொன்னாள். அப்பா என்னிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

விஷயம் வெளியே வந்ததும் சுந்தரபாண்டியத்திலிருந்து சித்தப்பாவும் இன்னும் சிலரும் வந்தார்கள். வயசு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்றார்கள். அவள் போனால் போகட்டும், மருமகளின் இரண்டாம் கல்யாணத்துக்கு மாமனார் பின்னால் போய் நிற்பது எந்த ஊரில் உண்டு, எங்களோடு வந்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா காதில் விழாதவர் மாதிரி இருந்தார். அவருக்குக் காது மந்தம்தான், ஆனால் அன்று எல்லாம் கேட்டிருக்கிறது. கடைசியில், "அவ போற வீட்டுல எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கா. நான் போயிப் பாத்துட்டேன். ஜன்னல் பக்கமா இருக்கு. உங்க வீட்டுல எங்க போட்டிருக்கீக, சொல்லுங்க" என்று கேட்டார்.

நான் எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. என் அண்ணன் மனைவி இன்னொருவருக்கு மனைவியாவது எனக்கு உள்ளே எங்கேயோ வலித்தது. அதே சமயம் அவள் செய்வதில் ஒரு தப்பையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மதினிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து, உனக்கு எப்போ சரின்னு தோணுதோ அப்போ வா என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு இடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. நான் ரிஜிஸ்தர் ஆபீசுக்கே போய்விட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போடும்போது அப்பா எழுத்துக்கூட்டித் தன் முழுப் பெயரையும் எழுதினார். தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் உட்பட. இனிஷியல் போதும் என்று எழுத்தர் சொன்னதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் கட்டிய காலனி வீட்டில் மதினி புதுக் குடித்தனத்தை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது அவரு கட்டுன வீடு. பிள்ளைகளுக்கு உள்ளது. அதுல கொண்டுபோயி இன்னொருத்தர இருக்கச் சொன்னா அவருக்கும் சங்கடம், இவருக்கும் சங்கடம்" என்றாள். இறந்த அண்ணனுக்குச் சங்கடம் வரும் என்று யோசிக்கிற பெண்ணிடம் நான் என்ன சொல்ல. அந்த வீட்டை வாடகைக்கு விட்டு, வருகிறதைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கினாள். ராஜபாளையம் ஊருக்குள் ரயில் பாதைக்குப் பக்கத்தில் மூன்று அறை உள்ள வாடகை வீடு ஒன்றைக் கல்யாணத்துக்கு முன்பே பிடித்திருந்தார்கள். முன் அறையில் என் அண்ணனின் படமும் வேன்காரரின் முதல் மனைவியின் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லிகை வாங்கி நடுவில் வெட்டி இரண்டுக்கும் போடுவாள். வேன்காரர் வாங்கி வந்தால் இரண்டு முழமாக வாங்குவார். அது ஒன்றுதான் அவர்களுக்குள் நான் பார்த்த சண்டை.

சின்னப் பிள்ளைகள் இரண்டும் ஒரே கட்டில், ஒரே வகுப்பு. முதல் மாதம் முழுக்க அடித்துக்கொண்டன. ஒன்று எங்க அம்மா என்று கத்தும், மற்றது அப்போ எங்க அப்பா வண்டியில ஏறாத என்று கத்தும். மதினி இரண்டையும் கிணற்றடிக்கு அனுப்பிப் பாத்திரம் கழுவ வைத்தாள். ஒருத்தி தேய்க்க, ஒருத்தி அலச. பாத்திரம் கழுவும்போது அம்மாவைத் திட்டுவதில் இரண்டும் ஒன்று சேர்ந்துகொண்டன. அப்பாவுக்கு அந்தப் புதுப் பேத்தி தெலுங்கு சொல்லிக் கொடுத்தது. நீள்ளு என்றால் தண்ணீர் என்று மட்டும் அவருக்குப் பிடிபட்டது. தாத்தா என்பது இரண்டு பாஷையிலும் ஒரே சொல்தான் என்று தெரிந்தபோது அதை என்னிடம் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

பெரியவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது கல்லூரியில் முதல் வருஷம். அம்மா முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினாள். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அப்பாவ மறக்குறதுக்கு இம்புட்டு வருஷம் போதும்னு அம்மாவுக்கு யாரு அத்தை சொன்னது?" என்று என்னைக் கேட்டாள். நான் அவளுக்குப் படுக்கை விரித்துக் கொடுத்தேன்.

மதினி அவளைத் திரும்ப அழைக்கவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் என் வீட்டுக்கு வருவாள், கையில் தூக்குவாளியில் மகளுக்குப் பிடித்த ஏதாவது இருக்கும். பெரும்பாலும் சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி, சில நாள் கருவாட்டுக் குழம்பு. வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளை உள் அறைக்குப் போய்விடும். மதினி என்னோடு உட்கார்ந்து, அப்பா சௌக்கியம், சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டது என்று சாதாரணமாகப் பேசுவாள். அறைக்குள் கேட்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சத்தமாகவே பேசுவாள். போன வாரத்துத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளை வரச்சொல் என்று ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. ஸ்கூட்டி தெரு முனை திரும்பிய சத்தம் கேட்ட பிறகு பிள்ளை வந்து மூடியைத் திறப்பாள். மிச்சம் வைத்ததே கிடையாது. மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதினி முழுக்க நனைந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, அதேபோலப் பேசிவிட்டு நனைந்துகொண்டே போனாள். அன்று பிள்ளை ஜன்னலில் நின்றிருந்ததை நான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

அரையாண்டு விடுமுறையில் சின்னவர்கள் இரண்டு பேரும் ஒரு சினிமாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று நின்றார்கள். அதில் ஒரு பாட்டு எல்லாப் பிள்ளைகளின் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. கதை என்ன என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் போவோம் என்று மதினி சொல்லி, என்னையும் வரச் சொன்னாள். நான் பெரியவளைக் கேட்டேன். அந்தப் பாட்டு அவளுக்கும் பிடிக்கும். வருகிறேன், ஆனால் உங்கள் பக்கத்தில்தான் உட்காருவேன் என்றாள். ராஜபாளையத்தில் தியேட்டர் வாசலில் வேன்காரர் டிக்கெட்டோடு நின்றார். பெரியவளைப் பார்த்ததும் அவர் அதிகமாகச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. எல்லோருக்கும் வாங்குவதுபோல அவளுக்கும் ஒரு பாப்கார்ன் வாங்கினார்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே நான் பெரியவளைத் திரும்பிப் பார்த்தேன். சென்னைக்கு வெளியே ஒரு புறநகர். புருஷன் இறந்துபோன ஒரு பெண். இரண்டு பிள்ளைகள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், டிபன் கடை போடுகிறாள், முறைத்துக்கொண்டு திரிகிற மகனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் கொண்டுவருகிறாள். நல்ல படம்தான். அந்த நடிகை சமையலறையில் தனியாக நின்று புருஷனின் சட்டையை முகர்ந்து பார்க்கிற இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எங்கள் வரிசையில் மட்டும் யாரும் அசையவில்லை. இந்தப் பக்கம் பெரியவள், அந்தக் கடைசியில் வேன்காரர், நடுவில் அப்பாவும் மதினியும். இடைவேளையில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

பிற்பாதியில், கடைக்கு வருகிற ஒரு நல்ல மனிதர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்கிறார். அவள் அழகாகச் சிரித்து, என் பிள்ளைகள் எனக்குப் போதும் என்று மறுக்கிறாள். தியேட்டரில் கை தட்டினார்கள். பின்னணி இசையை நிறுத்தி, அவர் மெல்லத் திரும்பி நடக்கிறதைக் காட்டினார்கள். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அப்போதுதான் காது மந்தமான எங்கள் அப்பா, தனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக மதினியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏத்தா, பாத்தா நல்லவனாத்தான தெரியுதான். இவ எதுக்கு வேண்டாங்கா?"

முன் வரிசைகள் எல்லாம் திரும்பிச் சிரித்தன. எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிப்பாகத்தான் தொடங்கியிருக்கும். திரை வெளிச்சத்தில் பார்த்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

படம் அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதோடு முடிந்தது. வெளியே வந்து பக்கத்திலிருந்த பாய் கடையில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவுக்குப் பல் இல்லை. மதினி அவர் பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பெரியவள் பேசினாள். பல மாதத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அந்த அம்மா வேண்டாம்னுதான சொன்னா. அதுக்குத்தான எல்லாரும் கை தட்டுனாங்க."

வேன்காரர் கை கழுவப் போகிறேன் என்று எழுந்தார். அவர் அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருந்தார். மதினி தலையைத் தூக்கவில்லை. பிய்ப்பதையும் நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் சொன்னா. சொன்னதும் படத்த முடிச்சு லைட்டப் போட்டுட்டாக. நான் அதுக்குப் பொறவும் இருக்கணும்ல."

மதினி அப்பா தட்டில் இன்னும் கொஞ்சம் சால்னாவை ஊற்றினாள்.

"நீங்க படிச்சு வேலைக்குப் போயிருவீக. போகணும். நான் தாத்தாவுக்குச் சோத்த வச்சுட்டு அந்தக் காலனியில உக்காந்திருப்பேன். உக்காந்திருக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆனா எனக்கு இன்னும் பேசணும், சிரிக்கணும்னு இருக்கு. உங்க அப்பா இருந்தா அவருகிட்டப் பேசியிருப்பேன்." கையைத் துடைத்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தாள். "அவர மறந்துட்டேன்னு நெனச்சா வீட்டுக்கு வந்து பாரு. எந்த மூலையில இல்லன்னு எனக்குச் சொல்லு."

வேன்காரர் குழாயடியில் வெகு நேரம் கை கழுவினார். அவர் திரும்பி வந்தபோது அவருடைய பரோட்டா ஆறியிருந்தது. பெரியவள் சால்னா வாளியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்விடவில்லை. என்னோடுதான் பஸ்ஸில் திரும்பினாள். அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டிச் சத்தம் கேட்டபோது முன் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். சில வாரம் கழித்து அம்மாவின் வண்டியில் பின்னால் ஏறி ஒரு நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கோடை விடுமுறைக்குப் பையை எடுத்துக்கொண்டு போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்தபோது அவள் சாமான்களை வேன்காரர்தான் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், அவள் முன் சீட்டில். அவ்வளவு தூரமும் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். வெயில் அடிக்குது, கண்ணாடிய ஏத்திக்கோ என்று ஒரு தடவை சொன்னார் என்றாள். "அவரு எதுவும் கேக்க மாட்டாரு அத்தை. அதனாலதான் எங்களுக்குச் சரியா வருது." இன்றுவரை அவரை அவள் அப்பா என்று கூப்பிட்டதில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

எங்கள் அப்பா அந்த வாடகை வீட்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சுந்தரபாண்டியத்து ஆட்கள் வந்தார்கள். வேறு ஒருவர் வீட்டில் நம் பெரியவர் கிடக்கிறாரே என்று சிலர் தெருவிலேயே நின்றார்கள். மதினி வெளியே போய், "உங்க அண்ணன் உள்ள தனியா இருக்காக. வாங்க" என்று சித்தப்பாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பாடை தூக்கும்போது வேன்காரர் ஒதுங்கி நின்றார். முன் பக்கம் தோள் கொடுக்க ஆள் குறைகிறது என்று சித்தப்பாவே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சித்தப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

அண்ணனும் போய், அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். துக்கத்தைவிட அது வேறு விதமான வெறுமை. எங்கள் பக்கம் பொங்கலுக்கு அண்ணன் தம்பிகள் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர் கொண்டுவருவார்கள். அரிசி, வெல்லம், காய்கறி, கரும்பு, மஞ்சள் கொத்து. அண்ணன் இருந்தவரை அவன் கொண்டுவந்தான். பிறகு அப்பா, எவ்வளவு சொன்னாலும் கேட்காமல், கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு பஸ்ஸில் வருவார். அப்பா இறந்த வருஷம் பண்டிகை கிடையாது. அதற்கு அடுத்த பொங்கலுக்கு நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீடுகளில் சீர் வந்து இறங்குகிற அன்று நான் வேலை இருப்பதுபோல உள்ளேயே இருந்தேன்.

அன்று காலையிலேயே வாசலில் குட்டியானை வந்து நின்றது. வேன்காரர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அவரை வேட்டியில் நான் பார்த்ததில்லை. சின்னவர்கள் இரண்டு பேரும் பின்னாலிருந்து குதித்தார்கள். ஒருத்தி அரிசிப் பையையும் ஒருத்தி காய்கறிக் கூடையையும் எடுத்தாள். அவர் கரும்புக் கட்டை இறக்கி வாசல் சுவரில் சாய்த்தார். மதினி முன் சீட்டிலிருந்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். அதில் சேலை, பூ, வெற்றிலை பாக்கு, பழம்.

இதெல்லாம் எதுக்கு மதினி, முறைக்கு யார் இருக்கிறார்கள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"நான் இருக்கேம்ல" என்றாள். "மொதல்ல இதப் பிடி, கை வலிக்கு."

தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் வந்து வேன்காரரை உள்ளே அழைத்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டி தெருவை மறித்து நிற்கிறதோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மதினி நேராகச் சமையலறைக்குப் போய், என்ன அடுப்பில் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லோருக்கும் காணாது என்று இன்னும் ஒரு படி அரிசி களைந்து போட்டாள்.